30 கிராம் பறவையின் வழித்தடம்: கரண்டிமூக்கு உள்ளானை எப்படிப் பின்தொடர்கிறார்கள்?

வலசைப் பறவைகளைப் பற்றிய செய்திகளில் பெரும்பாலும் ஒரு வரைபடம் இருக்கும். வடகிழக்கு ரஷ்யாவில் ஒரு புள்ளி, மியான்மரில் ஒரு புள்ளி, இரண்டுக்கும் நடுவே வளைந்து போகும் ஒரு சிவப்புக் கோடு. அந்தக் கோட்டின் எந்தெந்த இடத்தில் பறவை உண்மையாகவே இருந்தது, எவ்வளவு தூரத்தைக் கணினி தானாக நிரப்பிக்கொண்டது என்பது படத்தைப் பார்த்தால் தெரியாது. கரண்டிமூக்கு உள்ளான் விஷயத்தில் இது தெரிந்தே ஆக வேண்டும். அந்தப் பறவையைக் காப்பது என்றால் அது இறங்கும் சில சேற்றுவெளிகளைக் காப்பதுதான். தவறான புள்ளியை நம்பினால், தவறான கரைக்குக் காவல் நிற்போம்.

பறவை சிறியது. அலகு நுனி முதல் வால் வரை 14 முதல் 16 செ.மீ., எடை சுமார் 30 கிராம். ஏறத்தாழ ஒரு சிட்டுக்குருவியின் எடை. அலகின் நுனி தட்டையாக விரிந்து, சின்ன மண்வெட்டி போலிருக்கும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கே அந்த அலகு உண்டு. 1758-ல் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் இதற்குப் பெயர் வைத்தபோது அலகை மட்டும் பார்த்துவிட்டு, நெடிய கால்களுள்ள கரண்டிவாயன்களின் பேரினத்திலேயே இதைச் சேர்த்துவிட்டார். பிற்பாடுதான் இது கொசு உள்ளான், டன்லின் போன்ற சிறு உள்ளான்களின் நெருங்கிய சொந்தம் என்று சரிசெய்தார்கள்.

ரஷ்யாவின் சுகோட்கா கரையிலும் வட கம்சாட்காவிலும் மட்டுமே கூடு கட்டும். அதுவும் கடலிலிருந்து சில கிலோமீட்டருக்குள். அங்கிருந்து ஓகோட்ஸ்க் கடல், கொரியத் தீபகற்பம், மஞ்சள் கடல், தென் சீனக் கரை, வியட்நாம், தாய்லாந்து என்று இறங்கி மியான்மரின் மொட்டமா வளைகுடாவிலும் வங்கதேசத்தின் சோனாதியா தீவிலும் குளிர்காலத்தைக் கழிக்கும். ஒருவழிப் பயணம் சுமார் 8,000 கி.மீ. 1970களில் 2,000 முதல் 2,800 ஜோடிகள் இருந்ததாக மதிப்பிட்டார்கள். 2000-ல் அது ஆயிரத்துக்கு இறங்கியது. 2008-ல் மிக அருகிய இனம் என்று, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் செம்பட்டியலில் இடம் மாற்றப்பட்டது. அதற்குப் பிந்தைய சில ஆண்டுகளில் 120 முதல் 200 ஜோடிகள் என்ற எண் புழங்கியது.

எடைதான் முதல் தடை

ஒரு பறவையின் மீது எந்தக் கருவியை வைத்தாலும் அதன் எடை உடல் எடையில் 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது களப்பணியாளர்களின் பழைய விதி. சிலர் 5 வரை போவார்கள். 30 கிராம் பறவைக்கு 3 விழுக்காடு என்றால் 0.9 கிராம், 5 என்றால் 1.5 கிராம். 2016-ல் சீனாவின் ஜியாங்சு மாநிலக் கரையில் மூன்று கரண்டிமூக்கு உள்ளான்களுக்கு முதன்முதலாகச் செயற்கைக்கோள் டேக் பொருத்தியபோது கிடைத்த மிகச் சிறிய கருவி 2 கிராம் அளவில்தான் இருந்தது. கிட்டத்தட்ட 7 விழுக்காடு. 60 கிலோ மனிதர் 4 கிலோ மூட்டையை முதுகில் ஒட்டிக்கொண்டு, இறக்கி வைக்காமல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போவதற்குச் சமம். எடையைவிடவும் காற்றின் இழுவை பெரிய சிக்கல்: டேக்கின் முகப்பும் பின்னால் நீளும் ஆன்டெனாவும் பறக்கும் ஒவ்வொரு நிமிடமும் கொழுப்பைத் தின்னும்.

உலகில் சில நூறே மிஞ்சியிருக்கும் இனத்தில் இந்த ஆபத்தை ஒரு சில பறவைகளின் மேல் மட்டும்தான் வைக்கலாம். இதனால்தான் இந்தப் பறவையைப் பற்றிய நம் அறிவில் பெரும்பகுதி செயற்கைக்கோளிலிருந்து வரவில்லை. காலில் மாட்டிய சின்னப் பிளாஸ்டிக் கொடியிலிருந்தும், சேற்றின் ஓரத்தில் ஸ்கோப்பை (முக்காலியில் வைக்கும் தொலைநோக்கி) ஊன்றி அதைப் படித்தவர்களிடமிருந்தும் வந்தது. டேக் மட்டுமே சொல்லக்கூடிய செய்திகளும் உண்டு. ஒவ்வொரு வழிமுறையும் ஒரு வகைக் கேள்விக்குத்தான் பதில் சொல்லும். ஒன்றின் கேள்வியை இன்னொன்றிடம் கேட்கும்போதுதான் பிழை நுழைகிறது.

பிடிப்பது

கூடு கட்டும் இடத்தில் என்றால், அடைகாக்கும் பறவையைக் கூட்டின் மேல் வைக்கும் சிறு பொறியில் பிடிப்பார்கள். முட்டையிட்ட முதல் வாரத்தில் செய்தால் பறவை கூட்டையே கைவிட்டுவிடலாம். அடைகாப்பு சுமார் 20 நாள். அதன் பின்பாதியில் பெற்றோரின் பிடிப்பு வலுவாக இருக்கும், அப்போதுதான் பிடிக்க வேண்டும். துந்திரத்தில் (மரங்களில்லாத வடதுருவச் சமவெளி) காற்று வீசினால் முட்டை விரைவாகக் குளிர்ந்துவிடும். ஆகவே பறவை திரும்பி உட்காரத் தயங்கினால் பொறியை எடுத்துவிட்டு விலகிப் போவதே முறை. ஆணும் பெண்ணும் பகலும் இரவுமாக முறை மாற்றி அடைகாப்பதால் இரண்டையும் பிடிக்க வெவ்வேறு நேரத்தில் போக வேண்டியிருக்கும்.

வலசைப் பாதையில் என்றால் மிஸ்ட் நெட் எனப்படும் மெல்லிய நைலான் வலை. ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) ஏறும்போது சேறு முழுகிவிடும். பறவைகள் மேட்டுக்கோ, கடற்சுவருக்கு உட்புறம் உள்ள மீன் பண்ணைக் குட்டைகளுக்கோ ஒதுங்கும். நிலா இல்லாத இரவில், அந்த ஒதுங்குமிடத்தின் ஓரத்தில் வலை கட்டுவார்கள். இங்கே ஒரு தவறுக்கு மன்னிப்பே இல்லை: வலையின் கடைசி அடுக்கு, அன்றைய ஓதம் தொடப்போகும் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். காற்று கடலிலிருந்து வீசினால் தண்ணீர் அட்டவணையில் போட்டதைவிட உயரமாக ஏறும். வலையில் சிக்கிய 30 கிராம் உள்ளான் மூழ்க ஒரு சாண் தண்ணீர் போதும். வலையை விட்டு ஆள் நகரவே கூடாது. எடுத்த பறவை நனைந்திருந்தால் துணி மூடிய பெட்டியில் உலர்ந்து சூடேறிய பிறகே விட வேண்டும்.

கால்கொடி

கொடி என்பது வெயிலுக்குத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை. வளையமாகச் சுற்றி, ஒரு பக்கம் சில மில்லிமீட்டர் நீண்டு நிற்கும்படி ஒட்டப்பட்டிருக்கும். நீண்ட பகுதியில் இரண்டு எழுத்துகளோ எண்களோ செதுக்கியிருக்கும். பறவையின் முட்டி போலத் தெரியும் மூட்டுக்கு மேலே, தொடைப் பக்கமாக மாட்டுவார்கள். கீழே மாட்டினால் எப்போதும் சேற்றிலேயே இருக்கும், படிக்க முடியாது. வளையம் காலைச் சுற்றித் தாராளமாகச் சுழல வேண்டும், ஆனால் மூட்டைத் தாண்டி இறங்கக்கூடாது. வெட்டிய ஓரங்களை உப்புத்தாளால் தேய்க்காமல் விட்டால் தோல் கிழியும்.

கிழக்கு ஆசியா முதல் ஆஸ்திரேலியா வரையிலான வலசைப் பாதையில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிறம் அல்லது நிறச்சேர்க்கை ஒதுக்கப்பட்டிருக்கிறது. எழுத்தைப் படிக்க முடியாவிட்டாலும் நிறமே பறவை எங்கே பிடிக்கப்பட்டது என்று சொல்லிவிடும். சுகோட்காவில் பிடித்த காட்டுப் பறவைகளுக்கு எலுமிச்சைப் பச்சைக் கொடி. சுகோட்காவின் மெய்னிபில்கினோ கிராமத்தில், முட்டைகளை எடுத்துச் செயற்கையாகப் பொரித்து, பறக்கும் வயதுவரை வளர்த்துவிட்ட குஞ்சுகளுக்கு வெள்ளைக் கொடி. 2012-ல் தொடங்கிய அந்த முயற்சியில் வளர்ந்த குஞ்சு, இரண்டு ஆண்டு கழித்து அதே கரைக்குத் திரும்பி வந்து கூடு கட்டியபோது அதை உறுதிசெய்தது காலில் இருந்த அந்தக் கொடிதான்.

படிப்பதில் என்ன தவறும்? நிறம் வெளுக்கும்: நாலைந்து வருடத்தில் எலுமிச்சைப் பச்சை மஞ்சளாகத் தெரியும், மாலை வெளிச்சத்தில் வெள்ளையாகவே தெரியும். சேறு அப்பினால் C-யும் O-வும் ஒன்றாகிவிடும். பறவை நம்மைப் பார்த்து நிற்கும்போது அதன் இடது கால் நமக்கு வலப்புறம் இருக்கும். இந்த எளிய இடத்தில்தான் நிறையப் பதிவுகள் கெட்டுப்போகின்றன. எழுத வேண்டியது பறவையின் இடம், வலம். வெயில் ஏறியதும் சேற்றின் மேல் கானல் நடுங்கத் தொடங்கும். அதற்குப் பிறகு 60 மடங்கு உருப்பெருக்கம் வைத்தாலும் நடுக்கம்தான் பெரிதாகும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி, ஓதம் ஏறத் தொடங்கும்போதே இடம் பிடித்துவிட்டால் பறவைகள் தாமாகவே பக்கத்தில் வரும். ஓடிப்போய் நெருங்கினால் கூட்டமே எழும்பிப் போய்விடும். ஸ்கோப்பின் கண்ணாடியில் போனை வைத்து வீடியோ எடுப்பது படம் எடுப்பதைவிட நல்லது. பறவை திரும்பும்போது கொடியும் திரும்பும், ஏதாவது ஒரு சட்டத்தில் எழுத்து விழும்.

கொடியை வைத்து மொத்தத்தை எண்ணுவது

கொடியின் உண்மையான வலிமை இங்கேதான் இருக்கிறது. சுகோட்காவின் துந்திரம் முழுவதையும் நடந்து கூடுகளை எண்ண யாராலும் முடியாது. ஆனால் இலையுதிர் காலத்தில் பெரும்பாலான பறவைகள் ஜியாங்சு கரையின் தியாவ்ஸினி, ரூடோங் சேற்றுவெளிகளில் ஒன்றுகூடும். அங்கே கொடி உள்ளவை எத்தனை விழுக்காடு என்று தெரிந்தால் போதும்.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டு உயிரோடு இருக்கும் கொடிப் பறவைகள் 60 என்று தெரியும். சேற்றில் 900 முறை ஒரு கரண்டிமூக்கு உள்ளானின் இரண்டு தொடைகளும் தெளிவாகத் தெரிந்தன. அதில் 81 முறை கொடி இருந்தது. 9 விழுக்காடு. ஆக மொத்தம் 60-ஐ 0.09-ஆல் வகுக்க, சுமார் 667 பறவைகள்.

இதில் நுழையும் பிழையைப் பாருங்கள். கொடி கண்ணைப் பறிக்கும். கூட்டத்தில் ஸ்கோப்பை நகர்த்தும்போது பச்சைப் புள்ளி தெரிந்தால் மனம் அங்கேயே போய் நிற்கும். அதனால் 900-ல் 99 என்று ஆகிவிட்டால் விகிதம் 11, மொத்தம் 545. கவனக்குறைவு ஒன்றினால் மட்டுமே 120-க்கும் மேற்பட்ட பறவைகள் தாளிலிருந்து மறைந்துவிடும். இதனால்தான் கண்டிப்பான முறை வைத்திருக்கிறார்கள்: கூட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வரிசையாகப் போக வேண்டும், ஒவ்வொரு பறவையிலும் இரண்டு தொடையும் தெரியும் வரை காத்திருக்க வேண்டும், தெரியாவிட்டால் அதைக் கணக்கிலேயே சேர்க்கக்கூடாது, கொடி இல்லாததையும் எண்ண வேண்டும். "எத்தனை உயிரோடு இருக்கின்றன" என்ற அந்த 60-க்கும் தாய்லாந்தின் பாக் தாலே உப்பளத்திலிருந்தும் வங்கதேசத்தின் தீவிலிருந்தும் வரும் ஒவ்வொரு கொடிப் பதிவும் தேவை. ஒரு பறவை அக்டோபரில் சீனாவில் கண்ணில் படாமல், பிப்ரவரியில் தாய்லாந்தில் தெரிந்தால், அக்டோபரிலும் அது உயிரோடுதான் இருந்தது.

இந்த வழியில் 2014-க்கான தரவுகளிலிருந்து 210 முதல் 228 ஜோடிகள், எல்லா வயதும் சேர்த்து 661 முதல் 718 பறவைகள் என்ற மதிப்பீடு வந்தது. முந்தைய 120–200 என்பதோடு ஒப்பிட்டு, பறவை பெருகிவிட்டது என்று மகிழ்ந்தால் அது தவறு. முன்னது தேர்ந்த ஊகம், பின்னது கணக்கு. இரண்டையும் ஒரே வரைகோட்டில் வைக்கவே கூடாது.

டேக் என்ன சொல்கிறது

மனிதர் ஸ்கோப்போடு நிற்கும் இடத்தில் மட்டுமே கொடி படிக்கப்படும். யாரும் போகாத கரையில் ஆயிரம் கொடிகள் இறங்கினாலும் தெரியாது. டேக்குக்கு அந்தக் குறை இல்லை. அதுதான் அதன் வேலை: யாருக்கும் தெரியாத தங்குமிடங்களைக் காட்டிக்கொடுப்பது. டேக் கட்டிய பறவைகள் எங்கே நாள்கணக்கில் நின்றன என்று பார்த்து, பிறகு ஆட்கள் அங்கே போய் எண்ணினார்கள்.

பெரிய பறவைகளுக்கு டேக்கைத் தொடையில் வார் போட்டுக் கட்டுவதுண்டு. கரையோரப் பறவைகளில் இது ஆபத்து. நெடும்பயணத்துக்கு முன் இவை கொழுப்பேற்றி நன்றாகப் பருக்கும், போய்ச் சேரும்போது வற்றி மெலிந்திருக்கும். மெலிந்தபோது சரியாக இருக்கும் வார், கொழுத்தபோது இறுக்கும். கொழுத்தபோது அளவெடுத்தால் மெலிந்தபோது நழுவிக் காலில் சிக்கும். ஆகவே இந்தச் சிறு உள்ளானுக்கு ஒட்டும் முறையே ஏற்றது: முதுகின் கீழ்ப்பகுதியில் இறகுகளைக் குட்டையாகக் கத்தரித்து, அந்த அடிக்கட்டைகளின் மேல் பசை வைத்து அழுத்தி, உலரும்வரை பிடித்திருக்க வேண்டும். சில மாதத்தில் தானே விழுந்துவிடும். பறவைக்கு விடுதலை, நமக்குத் தரவு அங்கேயே முடியும்.

இந்தச் சிறு டேக்கில் ஜி.பி.எஸ். இல்லை. 401.65 மெகாஹெர்ட்ஸில் அது சிறு துடிப்புகளை அனுப்பும். சுமார் 850 கி.மீ. உயரத்தில், துருவத்திலிருந்து துருவத்துக்குச் சுற்றும் ஆர்கோஸ் அமைப்பின் செயற்கைக்கோள் அதைக் கேட்கும். நெருங்கும்போது அதிர்வெண் கூடுதலாகவும், விலகும்போது குறைவாகவும் கேட்கும் — ரயில் ஹாரனில் நாம் கேட்கும் அதே மாற்றம். அந்த வளைவிலிருந்து டேக் எங்கே என்று கணக்கிடுகிறார்கள். ஒரே வளைவுக்குச் செயற்கைக்கோள் பாதையின் இரு பக்கமும் இரண்டு விடை வரும், கண்ணாடிப் பிம்பம் போல. எது சரி என்பதை முந்தைய இடங்களை வைத்துத்தான் தீர்க்க முடியும்.

ஒவ்வொரு விடைக்கும் ஒரு தரம் உண்டு. 3 என்றால் பிழை 250 மீட்டருக்குள். 2 என்றால் 500-க்குள். 1 என்றால் 1,500-க்குள். 0 என்றால் அதற்கும் மேல். A, B என்று வந்தால் பிழை எவ்வளவு என்று அமைப்பே சொல்லாது. பலவீனமான சிறு டேக்குகளிலிருந்து வருவதில் A-யும் B-யும்தான் நிறைய.

எடுத்துக்காட்டாக ஓர் இரவின் வரிகள் இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம். அதிகாலை 2.10: தரம் 2, சேற்றுவெளியின் விளிம்பு. 2.50: தரம் B, கடலுக்குள் 38 கி.மீ. 3.45: தரம் 1, கடற்சுவருக்கு உட்புறம். பறவை கடலுக்குள் போய்வந்ததா? வேகத்தைப் பார்த்தால் 40 நிமிடத்தில் 38 கி.மீ., மணிக்கு 57. ஓர் உள்ளானால் முடிகிற வேகம்தான். ஆகவே வேகத்தை மட்டும் வைத்து வடிகட்டும் நிரல் இந்தப் புள்ளியை நீக்காமல் வைத்துக்கொள்ளும். ஆனால் நேராகப் போய், முனை திரும்பி, வந்த வழியே திரும்புகிற கூர்மையான கோணம் சந்தேகத்துக்குரியது, தரமும் B. அன்று உச்ச ஓதம் 4 மணிக்கு என்றால் கதை தெளிவாகிவிடும்: சேறு முழுகத் தொடங்கியது, பறவை சுவரைத் தாண்டி ஒதுங்கியது. நடுப்புள்ளி வெறும் பிழை. ஓத அட்டவணையைப் பக்கத்தில் வைக்காமல் கரையோரப் பறவையின் தரவைப் படிக்கவே கூடாது.

அதே அட்டவணைதான் இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்லும்: டேக் நகராமல் இருந்தால், பறவை இறந்துவிட்டதா, டேக் விழுந்துவிட்டதா, ஓய்வெடுக்கிறதா? உயிருள்ள பறவை சுமார் 12 மணி 25 நிமிடச் சுழற்சியில் சேற்றுக்கும் மேட்டுக்குமாகப் போய்வரும். டேக்குகளில் பல, வெப்பநிலையையும் மின்னழுத்தத்தையும் அசைவையும் சேர்த்து அனுப்பும். முதுகில் ஒட்டியிருக்கும்வரை உடற்சூடு ஓரளவு பிடித்துவைக்கும். கீழே விழுந்தால் பகல் வெயிலும் இரவுக் குளிரும் அப்படியே தெரியும், அசைவு நின்றுவிடும். புள்ளி சேற்றிலிருந்து ஊருக்குள் நகர்ந்து ஒரே இடத்தில் நின்றால் யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள் என்று பொருள். ஓசையே இல்லாமல் போவதும் உண்டு: இறகு சூரியத் தகட்டை மூடிக்கொள்ளும், மேகம் வாரக்கணக்கில் நிற்கும். மௌனத்தை மரணமாக எழுதக்கூடாது.

இனி அந்தச் சிவப்புக் கோடு. சூரிய ஒளியில் இயங்கும் சிறு டேக்குகள் மின்சாரம் சேமிக்க 10 மணி நேரம் ஒலிபரப்பி 48 மணி நேரம் உறங்கும்படி அமைக்கப்படுவது வழக்கம். மணிக்கு 60 கி.மீ. பறந்தால் அந்த 48 மணி நேரத்தில் 2,880 கி.மீ. கடந்துவிடலாம். எப்போது கிளம்பியது, கரையை ஒட்டிப் போனதா, நிலத்தின் குறுக்கே போனதா, நடுவில் அரை நாள் எங்காவது இறங்கியதா, எதுவும் பதிவாகாது. இரண்டு புள்ளிகளை இணைக்கும் நேர்கோட்டைப் பாதை என்று நம்பி, அந்தக் கோட்டின் கீழ் உள்ள நிலத்தை முக்கியமானது என்று சொல்வது பெரிய தவறு. நம்ப வேண்டியது கொத்தாக விழும் புள்ளிகளை.

மற்றக் கருவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒளியளவை வைத்து இடம் கணிக்கும் ஜியோலொகேட்டர் ஒரு கிராமுக்கும் குறைவு. ஆனால் பிழை நூறு இருநூறு கி.மீ., பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டி அட்சரேகையே தெரியாது, ஆர்க்டிக்கின் அணையாத பகலில் பயனில்லை, தரவை எடுக்க அதே பறவையை மீண்டும் பிடிக்க வேண்டும். ரேடியோ டேக் இன்னும் இலேசு, ஆனால் வாங்கும் கோபுரம் இருக்கும் கரையில்தான் கேட்கும். ஜி.பி.எஸ். இருந்து செல்போன் கோபுரம் வழியாகத் தரவு அனுப்பும் வகை அருமையானது, ஆனால் இதைவிடப் பெரிய பறவைகளுக்குத்தான் பொருந்தும். 2022-ல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கி.மீ. இறங்காமல் பறந்த பட்டைவால் மூக்கனைச் செயற்கைக்கோள் டேக் வழியாகத்தான் தொடர்ந்தார்கள். அந்தப் பறவை கரண்டிமூக்கு உள்ளானைப் போலப் பல மடங்கு எடை.

தொடர்ந்ததால் தெரிந்தது

மஞ்சள் கடல் ஒரு நிறுத்தம் என்று முன்பு நினைத்தார்கள். கொடிகளையும் டேக்கையும் சேர்த்துப் பார்த்தபோது, முதிர்ந்த பறவைகள் ஜியாங்சு கரையில் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை மாதக்கணக்கில் தங்கிச் சிறகின் பறப்பு இறகுகளை எல்லாம் உதிர்த்துப் புதுப்பிக்கின்றன என்பது உறுதியானது. அந்த வாரங்களில் சிறகில் இடைவெளி இருக்கும். பறப்பது கடினம், பசி அதிகம். தொந்தரவு வந்தால் அடுத்த கரைக்குப் போவது அப்போது எளிதல்ல. பறவை ஆண்டில் மிகவும் பலவீனமாக இருக்கும் காலம், உலகிலேயே அதிகம் மண் கொட்டிக் கடல் நிரப்பப்பட்ட கரைகளில் ஒன்றில் கழிகிறது. மஞ்சள் கடலின் சேற்றுவெளிகளில் 65 விழுக்காட்டுக்கும் மேல் ஐம்பது ஆண்டுகளுக்குள் மறைந்துவிட்டது. 1979-ல் கரையைப் பிடித்துநிறுத்த அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஸ்பார்டினா புல், எஞ்சிய சேற்றின் மேற்பகுதியையும் மூடிக்கொண்டு வந்தது. புல் மண்டிய இடத்தில் இந்த அலகால் சேற்றைத் துழாவ முடியாது.

"ஒரு கரை போனால் பக்கத்துக் கரைக்குப் போய்விடும்" என்ற வாதத்துக்குத் தென் கொரியாவின் செமாங்கம் பதில் சொல்லிவிட்டது. 33 கி.மீ. நீளமுள்ள கடற்சுவரை 2006 ஏப்ரலில் மூடினார்கள். சுமார் 400 சதுர கி.மீ. முகத்துவாரமும் சேறும் ஓதத்தை இழந்தன. அங்கே இறங்கிய பெருங்கூட்டமான கிரேட் நாட் பறவைகள் அடுத்த கரைகளில் கூடவில்லை, எண்ணிக்கையே குறைந்தது. கரண்டிமூக்கு உள்ளானும் முன்பு அங்கே பெரிய அளவில் தங்கியதுண்டு.

ஜியாங்சு அந்த வழியில் முழுதாகப் போகவில்லை என்பதில் இந்த எண்ணும் வேலைக்குப் பங்கு இருக்கிறது. 2018-ல் சீனா வணிக நோக்கிலான கடல் நிரப்பலை நிறுத்தியது. 2019-ல் தியாவ்ஸினி உள்ளிட்ட கரைப்பகுதி உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2020-ல் கடற்சுவருக்கு உட்புறம் 48 ஹெக்டேர் மீன் பண்ணைக் குட்டைகள், ஓதம் ஏறும்போது பறவைகள் ஒதுங்குவதற்கென்றே சீரமைக்கப்பட்டன. சேற்றைக் காத்தால் மட்டும் போதாது, அது முழுகும் சில மணி நேரத்துக்கு நிற்க இடம் வேண்டும் என்பது ஓத அட்டவணையோடு புள்ளிகளைப் பொருத்திப் பார்த்தவர்களுக்குத்தான் புரியும்.

தெற்கு முனையில் சிக்கல் வேறு. உலகில் மிஞ்சியிருப்பவற்றில் பாதியளவு குளிர்காலத்தைக் கழிக்கும் மொட்டமா வளைகுடாவில் பெரிய பறவைகளுக்காக விரித்த வலைகளில் இவையும் சிக்கின. இளம் பறவைகள் முதல் கோடையில் வடக்கே திரும்புவதில்லை. தெற்கிலேயே தங்கி, இரண்டாம் வயதில்தான் கூடு கட்டப் போகும். எனவே வலை ஆண்டு முழுவதும் குறிவைப்பது இளசுகளை. வளர்ந்தவை ஓரளவு பிழைத்திருந்தும் இனம் சரிந்ததற்கு இது ஒரு காரணம். வேட்டைக்காரர்களுக்கு மீன்பிடி உபகரணம் போன்ற மாற்றுத் தொழில் கொடுத்து வலைகளை இறக்கச் செய்தது நல்ல பலன் தந்தது. 2017-ல் வளைகுடா, சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற ராம்சர் தலமானது.

நம் கரையில் பார்க்க வேண்டியது

கோடியக்கரையில் இந்தப் பறவைக்குப் பழைய பதிவுகள் உண்டு. 2018-ல் மேற்கு வங்கக் கரையிலும் தெரிந்தது. குளிர்காலத்தில் கொசு உள்ளான் கூட்டத்தை ஸ்கோப்பில் பார்ப்பவர் யாருக்கும் வாய்ப்பு இருக்கிறது, ஆனால் எளிதல்ல. பக்கவாட்டில் பார்த்தால் அலகு சற்றுத் தடித்த கறுப்புக் கோடு மாதிரிதான் இருக்கும். நேராக நம் பக்கம் திரும்பும்போதுதான் கரண்டி தெரியும். அலகு நுனியில் சேறு ஒட்டிய கொசு உள்ளானும் அதே தோற்றம் தரும் என்பதால், பறவை அலகைத் தண்ணீரில் அலசும்வரை பார்வையை எடுக்கக்கூடாது. இரை தேடும் விதம் நல்ல அடையாளம்: கொசு உள்ளான் கொத்தும், ஓடும், கொத்தும். கரண்டிமூக்கு தலையைக் குனிந்தபடியே மெல்லிய நீர்ப்படலம் நிற்கும் சேற்றில் அலகை இடவலமாகத் துழாவிக்கொண்டு நடக்கும். குளிர்கால உடையில் நெற்றியும் மார்பும் மற்றவற்றைவிடத் தூய வெள்ளையாக இருக்கும், தலை உடலுக்குச் சற்றுப் பெரிதாகத் தெரியும்.

கொடி தென்பட்டால் எழுத வேண்டியவை: நாள், நேரம், இடம், ஓதத்தின் நிலை, கொடியின் நிறம், பறவையின் இடது காலா வலது காலா, மூட்டுக்கு மேலா கீழா, எழுத்துகள், அவற்றில் எது உறுதி, எது சந்தேகம். ஊகித்து நிரப்பிய எழுத்தைவிடக் காலியாக விட்ட எழுத்து பயனுள்ளது. தவறான எழுத்து, இறந்துபோன ஒரு பறவையைக் கணக்கில் உயிர்ப்பித்துவிடும். இவற்றோடு அன்று இரண்டு தொடைகளும் தெரியப் பார்த்த உள்ளான்கள் மொத்தம் எத்தனை என்பதையும் இனவாரியாகக் குறிக்க வேண்டும். 1,200 கொசு உள்ளான்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒரு கொடியும் ஒரு கரண்டிமூக்கும் கிடைக்காமல் போன காலைப்பொழுதையும் 1,200 என்றும் 0 என்றும் அப்படியே எழுதி அனுப்ப வேண்டும்.